"அப்பீலில் பார்த்துக்கலாம்" என்கிறார்களே... மேல்கோர்ட்டு எதைப் பார்க்கும்?

பெங்களூர் கெம்பேகவுடா ரோட்டில் இருக்கிறது சிட்டி சிவில் கோர்ட்டு. மாலையில் அதன் வாசலில் சற்று நேரம் நின்றால் இரண்டு வகை முகங்களைப் பார்க்கலாம். ஜெயித்த முகம் நிற்காது. விறுவிறு என்று பஸ் ஏறப் போய்விடும். தோற்ற முகம் அங்கேயே நிற்கும். வக்கீலின் குமாஸ்தாவையே பார்த்துக் கொண்டிருக்கும். கூட வந்த மைத்துனர் தோளைத் தொட்டு, "விடுங்க மாமா, அப்பீலில் பார்த்துக்கலாம்" என்பார்.

அந்த வார்த்தையில் ஆறுதல் இருக்கிறது. உண்மை பாதிதான் இருக்கிறது.

அப்பீல் என்றால் என்ன என்று நம்மவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "இதைவிடப் பெரிய ஜட்ஜ் இருப்பார். அவரிடம் நடந்ததை எல்லாம் முதலில் இருந்து சொல்லலாம்." சொல்ல முடியாது என்பதுதான் விஷயம். மேல்கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் யாரும் ஏறுவதில்லை. வழக்குப் போட்டவரை யாரும் கூப்பிட்டு, "சொல்லப்பா" என்று கேட்பதில்லை. கீழ்க்கோர்ட்டில் சேர்ந்த காகிதக் கட்டு மேலே போகும். பேசப்போவது அந்தக் கட்டுதான். அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

ஒரு மனிதர்

ஒருவரை வைத்துப் பார்ப்போம். பெயர் வேண்டாம். கதைக்காகச் சொல்லும் ஆள்தான். ஆனால் ஸ்ரீராமபுரத்தில் எந்தத் தெருவில் தேடினாலும் இப்படி ஒருவர் கிடைப்பார்.

ஊர் திருப்பத்தூர் பக்கம். பீனியாவில் லேத் பட்டறையில் வேலை. 20-க்கு 30 மனையில் ஒரு சின்ன வீடு. அதை 22 லட்சத்துக்கு வாங்குவதாகக் கிரைய ஒப்பந்தம் போட்டு 4 லட்சம் முன்பணம் கொடுத்தார். வீட்டுக்காரர் பிறகு கிரையம் செய்து கொடுக்க மறுத்துவிட்டார். இவர் கோர்ட்டுக்குப் போனார்.

இப்படிப்பட்ட வழக்கில் வாங்குகிறவர் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பாக்கிப் பணத்தைக் கொடுத்துக் கிரையம் வாங்க, தான் எப்போதும் தயாராக இருந்ததைக் காட்ட வேண்டும். 1963-ம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டத்தின் 16-வது பிரிவு இதைக் கேட்கிறது.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கன்னடத்தில் கேட்டார்: "அந்தத் தேதியில் பாக்கிப் பணம் உங்களிடம் இருந்ததா?" இவர் தமிழில் சொன்னார்: "கையில் இல்லீங்க சார், பேங்கில் போட்டு வெச்சிருந்தேன்." காகிதத்தில் ஏறியது முதல் பாதி மட்டும். "அன்று பணம் என் கையில் இல்லை." இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பேங்க் பாஸ்புக் சட்டைப்பையிலேயே இருந்தது. கோர்ட்டில் யாரும் தாக்கல் செய்யவில்லை.

தீர்ப்பு வந்தது. கிரையம் இல்லை. முன்பணம் 4 லட்சத்தை மட்டும் வீட்டுக்காரர் திருப்பித் தரவேண்டும். இனி அப்பீல்.

30 நாளா, 90 நாளா?

முதலில் நாள் கணக்கு. நம்மவர்கள் கால் இடறி விழும் முதல் இடம் இதுதான்.

பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட்டு தீர்ப்பின் மேல் அப்பீல் நேராக ஐகோர்ட்டுக்குப் போகும். விதான சவுதாவுக்கு எதிரே இருக்கும் சிவப்புக் கட்டிடம், "அட்டாரா கச்சேரி" என்று ஊரார் சொல்வது, அதுதான். ஐகோர்ட்டில் அப்பீல் போட 90 நாள் கெடு. ஆனால் கோலார் தங்கவயலிலோ பத்ராவதியிலோ முன்சீப் கோர்ட்டில் தோற்றவருக்கு (இப்போது அதன் பெயர் ஜூனியர் சிவில் நீதிபதி கோர்ட்டு) அப்பீல் ஐகோர்ட்டுக்குப் போகாது. அதே ஜில்லாவிலேயே மேலே உள்ள கோர்ட்டுக்குப் போகும். அங்கே கெடு 30 நாள்தான். பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர் "90 நாள் டைம் இருக்கு, பொறுமையாப் பண்ணு" என்று சொன்னதை நம்பி, தங்கவயல்காரர் 60 நாள் தாமதமாகி நிற்பது உண்டு.

இரண்டாவது, நகல். தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் நாள்வரை கெடுவில் கழித்துக் கொள்ளலாம். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு அந்தச் சலுகையைத் தருகிறது. ஆனால் மனுப் போடாமல் சும்மா இருந்த நாட்களுக்குச் சலுகை இல்லை. தீர்ப்பு சொல்லி 20 நாள் கழித்து நகலுக்கு மனுப் போட்டால், அந்த 20 நாளும் போனதுதான். தீர்ப்பு அன்றைக்கே குமாஸ்தா கேட்கும் முதல் கேள்வி, "நகலுக்கு மனுப் போட்டாச்சா?" என்பதுதான். அனுபவப்பட்டவர் கேள்வி அது.

கெடு தாண்டினால் கதவு அடைத்துவிடுமா? அடைக்காது. ஆனால் காரணம் சொல்ல வேண்டும். காஷ்மீர் மாநிலம் அனந்தநாக்கில் சர்க்கார் எடுத்த நிலத்துக்கு ஒரு கனாலுக்கு 1,000 ரூபாய் என்று இருந்த விலையைக் கோர்ட்டு 8,000 ஆக்கியது. சர்க்காருக்கு ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய் கூடுதல் செலவு. அப்பீல் போட 4 நாள் தாமதம். அதற்காகவே ஐகோர்ட்டு தள்ளிவிட்டது. 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த 4 நாளை மன்னித்தது. ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் வேண்டும் என்பதை, ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் விளக்கம் என்கிற அளவுக்கு இழுக்கக் கூடாது என்றது.

அதே சுப்ரீம் கோர்ட்டுதான் 2012-ல் தபால் இலாகாவின் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்தது. பைல் மேஜை மேஜையாகப் போய் வந்தது என்று இலாகா சொன்ன சமாதானம் எடுபடவில்லை. சர்க்காருக்கே இந்தக் கதி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருந்தேன் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருக்கட்டும்.

அப்பீல் வேறு, ஸ்டே வேறு

அப்பீல் போட்டுவிட்டால் கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு நின்றுவிடும் என்று நினைப்பவர் அநேகம் பேர். நிற்காது. சிவில் நடைமுறைச் சட்டம் 41-வது கட்டளை 5-வது விதி இதைப் பச்சையாகவே சொல்கிறது. வீட்டைக் காலி செய் என்று டிக்ரி ஆகியிருந்தால், அப்பீல் நம்பர் ஆகி ஐகோர்ட்டில் தூங்கிக் கொண்டிருக்கும்போதே அமீனா வந்து கதவைத் தட்டலாம். ஸ்டே வேண்டும் என்று தனி மனுப் போட வேண்டும். பெரிய நஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். தாமதம் இல்லாமல் கேட்டிருக்க வேண்டும். ஜாமீனும் கட்ட வேண்டிவரும். பண டிக்ரி என்றால் தொகையையே கோர்ட்டில் கட்டு என்று சொல்லவும் கூடும்.

பிறகு அப்பீலில் ஜெயித்தால் போனதைத் திரும்ப வாங்க 144-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் அது இன்னொரு மனு, இன்னொரு நடை.

ஸ்ரீராமபுரத்துக்காரருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவருக்குப் பாதி கிடைத்திருக்கிறது அல்லவா? முன்பணம் 4 லட்சம். வீடும் வேண்டும் என்று இவர் அப்பீல் போட்டால், சும்மா இருந்த வீட்டுக்காரர் விழித்துக் கொள்வார். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள், "அந்த 4 லட்சமும் கொடுக்க முடியாது" என்று எதிர் ஆட்சேபம் போட அவருக்கு உரிமை உண்டு. அவர் தனியாக அப்பீல் போட்டிருக்க வேண்டியதே இல்லை.

முதல் அப்பீலின் பலம்

இவ்வளவு பயமுறுத்திவிட்டு நல்லதையும் சொல்ல வேண்டும். முதல் அப்பீல் சாதாரண விஷயம் அல்ல. 107-வது பிரிவுப்படி கீழ்க்கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் எல்லாம் அப்பீல் கோர்ட்டுக்கும் உண்டு. சட்டத்தையும் பார்க்கலாம். நடந்தது என்ன என்பதையும் பார்க்கலாம். சாட்சியத்தை வரிவரியாகப் படித்து, கீழ்க்கோர்ட்டு சொன்னது தப்பு என்று நேர்மாறாகவும் சொல்லலாம்.

தீர்ப்பு எழுதும் விதத்துக்கும் விதி இருக்கிறது. முடிவு செய்ய வேண்டிய விஷயங்கள் என்ன, ஒவ்வொன்றிலும் முடிவு என்ன, காரணம் என்ன என்று எழுதியாக வேண்டும். "கீழ்க்கோர்ட்டு சொன்னதை நானும் ஒப்புக் கொள்கிறேன்" என்று நாலு வரியில் முடித்த அப்பீல் தீர்ப்புகளை சுப்ரீம் கோர்ட்டு பலமுறை திருப்பி அனுப்பி இருக்கிறது. கீழ்க்கோர்ட்டின் முடிவை மாற்றுவதானால், அது சொன்ன காரணங்களை நெருங்கிப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும் என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

ஒரே ஒரு விஷயத்தில் மேல்கோர்ட்டு தயங்கும். சாட்சி சொன்னவர் பொய் சொன்னாரா, மெய் சொன்னாரா என்ற விஷயம் அது. கூண்டில் நின்றவரின் முகத்தைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட்டு நீதிபதி. அவர் தடுமாறியதை, வியர்த்ததைப் பார்த்தவரும் அவரே. காகிதத்தில் வியர்வை தெரியாது. வாய்ச் சாட்சியத்தை மட்டும் நம்பிய வழக்கில், கண்ணால் பார்த்த நீதிபதியின் கருத்தை லேசாகத் தள்ளக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1950-லேயே சொல்லிவிட்டது. பத்திரம், ரசீது, பாஸ்புக் என்று காகிதச் சாட்சியமாக இருந்தால் இந்தத் தயக்கம் இல்லை. காகிதத்தைப் படிக்க இரண்டு கோர்ட்டுக்கும் ஒரே கண்தான். அதனால்தான் அனுபவப்பட்ட வக்கீல்கள் நாலு சாட்சியைக் கூப்பிடுவதைவிட ஒரு ரசீதைத் தேடி எடுக்கச் சொல்கிறார்கள்.

சின்னப் பிழைகளை நம்பிப் பிரயோஜனம் இல்லை. "தீர்ப்பில் தேதி தப்பு சார், என் அப்பா பெயரில் ஒரு எழுத்து இல்லை சார்" என்று சிலர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக் கொண்டு வருவார்கள். வழக்கின் நியாயத்தைப் பாதிக்காத குறைக்காக டிக்ரியை மாற்றக் கூடாது என்று 99-வது பிரிவு தடுக்கிறது.

பாதி வாக்குமூலம்

ஸ்ரீராமபுரத்துக்காரரின் அப்பீலுக்குத் திரும்புவோம். அவர் வக்கீலுக்கு ஐகோர்ட்டில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. தயாராக இருப்பது என்றால் ரொக்கத்தைக் கட்டிக் கையில் வைத்திருப்பது அல்ல. கோர்ட்டு கட்டச் சொன்னால் ஒழியப் பணத்தைக் கொண்டுவந்து நீட்ட வேண்டியதில்லை என்று அதே 16-வது பிரிவின் விளக்கம் சொல்கிறது. பணம் புரட்டும் சக்தி இருந்தால் போதும். கீழ்க்கோர்ட்டு சட்டத்தைத் தப்பாகப் படித்துவிட்டது என்று வாதாடலாம்.

"சரி, சக்தி இருந்ததற்குக் கட்டில் என்ன அத்தாட்சி?" என்று நீதிபதி கேட்பார். அங்கேதான் வண்டி நிற்கும்.

பாஸ்புக்கை இப்போது கொடுக்கலாமா? 41-வது கட்டளை 27-வது விதியில் புதுச் சாட்சியத்துக்கு மூன்று வழிதான் உண்டு. கீழ்க்கோர்ட்டில் கொடுத்தும் அது நியாயமில்லாமல் வாங்க மறுத்திருக்க வேண்டும். அல்லது, எவ்வளவு முயற்சி செய்தும் அந்தச் சமயத்தில் தெரியாமலோ கிடைக்காமலோ போயிருக்க வேண்டும். அல்லது, தீர்ப்புச் சொல்ல அந்த ஆவணம் தேவை என்று அப்பீல் கோர்ட்டே நினைக்க வேண்டும். முதல் வழி இவருக்கு இல்லை. இவர் கொடுக்கவே இல்லை. இரண்டாவதும் இல்லை. சட்டைப்பையில் இருந்த பாஸ்புக்கைத் "தேடியும் கிடைக்கவில்லை" என்று எப்படிச் சொல்வது? மூன்றாவது வழி மட்டும் திறந்திருக்கிறது. அதன் தாழ்ப்பாள் நீதிபதி கையில். வழக்கில் விட்ட ஓட்டையை அடைக்க இந்த விதி இல்லை என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருப்பதை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் எடுத்துக் காட்டுவார்.

வாக்குமூலத்தில் பாதி விட்டுப்போனதே, அது? இதற்கு மருந்து கீழ்க்கோர்ட்டிலேயே இருந்தது. சாட்சி ஒரு மொழியில் சொல்லி, அது வேறு மொழியில் எழுதப்பட்டு, எழுதிய மொழி சாட்சிக்குப் புரியாது என்றால், எழுதியதை அவர் பேசிய மொழியில் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இது 18-வது கட்டளை 6-வது விதி. அதாவது, "எனக்குத் தமிழில் சொல்லுங்க சார், அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சட்டம் கொடுத்த உரிமை. கேட்டிருந்தால், "பேங்கில் இருந்தது" என்ற இரண்டு வார்த்தை அன்றைக்கே ஏறியிருக்கும். வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இந்த ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கன்னடம் ஓரளவு பேசத் தெரியும் என்பதால் கேட்க வெட்கப்பட்டு விடுகிறோம். பேசத் தெரிவது வேறு. கோர்ட்டுக் கன்னடத்தில் எழுதியதைப் படிப்பது வேறு.

இரண்டாவது அப்பீல்

சிட்டி சிவில் கோர்ட்டு வழக்குக்கு ஐகோர்ட்டிலேயே முதல் அப்பீல் முடிந்துவிடுகிறது. ஐகோர்ட்டில் ஒற்றை நீதிபதி தீர்ப்புச் சொன்னாலும், அங்கேயே இரண்டு நீதிபதிகளிடம் போகும் வழியை 100-ஏ பிரிவு அடைத்துவிட்டது. அதற்கு மேல் டெல்லிதான்.

தங்கவயல்காரருக்கு இன்னொரு படி உண்டு. ஜில்லாவில் முதல் அப்பீல், அதற்கு மேல் ஐகோர்ட்டில் இரண்டாவது அப்பீல். ஆனால் இந்தப் படி வழுக்கும். 1976-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1977 பிப்ரவரி 1 முதல், "முக்கியமான சட்டப் பிரச்சினை" இருந்தால்தான் இரண்டாவது அப்பீலை ஏற்கலாம் என்று ஆனது. அந்தப் பிரச்சினை என்ன என்பதை ஐகோர்ட்டே எழுதி வைத்துக் கொண்டு அதை மட்டும் விசாரிக்க வேண்டும். சுவர் யார் பக்கம் ஒரு அடி தள்ளிக் கட்டப்பட்டது என்பது நடந்த விஷயம். அதை இரண்டு கோர்ட்டு பார்த்தாகிவிட்டது. மூன்றாவது கோர்ட்டு டேப் பிடிக்காது. பதிவு செய்யாத பத்திரத்தை வைத்து வீடு சொந்தமாகுமா என்பது சட்ட விஷயம். அதைப் பார்க்கும். கட்டில் சாட்சியமே இல்லாமல் கீழே ஒரு முடிவு எழுதியிருந்தால் அதையும் பார்க்கும்.

கைமாற்று, சீட்டுப் பணம் என்று 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்குக்கு இரண்டாவது அப்பீலே கிடையாது.

சுப்ரீம் கோர்ட்டுக்கு 1973-ம் ஆண்டு வரை சொத்து மதிப்பு 20,000 ரூபாய் என்ற கணக்கில் அப்பீல் போகும் வழி இருந்தது. அரசியல் சட்டத்தின் 30-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது பெரும்பாலோர் போவது 136-வது பிரிவின் கீழ் "ஸ்பெஷல் லீவ்" மனுவோடு. ஆபீசில் எழுதிக் கொடுக்கும் லீவ் அல்ல இது. அப்பீல் செய்ய அனுமதி தாருங்கள் என்று கேட்பது. அனுமதி தருவது அந்தக் கோர்ட்டின் இஷ்டம். உரிமை என்று யாரும் கேட்க முடியாது.

செலவுக்கு என்ன வழி?

வக்கீல் பீஸ், கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு என்று நினைத்தாலே பாதிப்பேர் அப்பீலை விட்டுவிடுகிறார்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைப் பலர் கேள்விப்பட்டதில்லை. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரோடு, தொழிற்சாலைத் தொழிலாளி என்றும் அதில் தனியாக எழுதி இருக்கிறது. இவர்களுக்கு வருமான வரம்பு கேட்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். அப்பீலுக்கும் உண்டு. ஜில்லாக் கோர்ட்டு வளாகத்திலேயே அதன் ஆபீஸ் இருக்கும். ஐகோர்ட்டுக்குத் தனிக் கமிட்டி உண்டு. பீனியா பட்டறைக்காரர் தன் வேலை அடையாளச் சீட்டையும் தீர்ப்பு நகலையும் எடுத்துக் கொண்டு போகலாம்.

அங்கே, "லோக் அதாலத்தில் பேசித் தீர்த்துக் கொள்கிறீர்களா?" என்றும் கேட்பார்கள். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.